மதுரை காமராசர் பல்கலைக்கழகம்: முதலில் பழைய பாக்கி, பிறகு புதிய இலக்கு

கீழடிக்குப் பக்கத்து ஊர் கொந்தகை. அங்கே முதுமக்கள் தாழிகளிலிருந்து எடுத்த எலும்புகள் மரபணு ஆய்வுக்காக வந்து சேர்ந்த இடம் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் மரபியல் துறை. இந்த ஆய்வு எவ்வளவு நுணுக்கமானது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நம் ஊர் வெப்பத்தில் மரபணு சீக்கிரமே சிதைந்துவிடும். சுமார் 2,500 ஆண்டுகள் மண்ணில் கிடந்த எலும்பில் மிஞ்சியிருப்பவை துணுக்குகள்தாம். எடுப்பவரின் எச்சில் துளி ஒன்று பட்டால் போதும், பழங்கால மனிதரின் மரபணுவுக்குப் பதிலாக ஆய்வாளரின் மரபணுவே விடையாக வந்து நிற்கும். அதனால் உடலை முழுக்க மூடும் உடை, கையுறைக்கு மேல் கையுறை, வடிகட்டிய காற்று என்று அத்தனை காப்பும் வேண்டும். பல்லின் வேரிலிருந்தோ, காதை ஒட்டியுள்ள கெட்டியான எலும்பிலிருந்தோ சிறிதளவு பொடியைத் துளைத்தெடுத்து, அதிலிருந்து துணுக்குகளைப் பிரிப்பார்கள். பத்து மாதிரிகளில் ஒன்றிரண்டு பலன் தந்தாலே பெரிய விஷயம்.

2025 ஜூன் மாதம், கொந்தகையில் கிடைத்த இரண்டு ஆண்களின் மண்டையோடுகளுக்கு முகம் அமைத்த படங்கள் உலகெங்கும் செய்தியாயின. மண்டையோடுகளின் முப்பரிமாணப் பதிவுகளைக் கொண்டு முகத்தை உருவாக்கியது இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகம். அந்த ஆய்வை இங்கிருந்து நடத்தியவர்கள் நாகமலை அடிவாரத்தில் உள்ள இந்தப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர்களும் மாணவர்களும். தமிழர் பழமையைப் பற்றி மேடைகளில் பெருமையாகப் பேசுகிறோம். அந்தப் பெருமைக்கு ஆதாரம் தேடித் தருகிற இடம் இது.

இதே வளாகத்தில்தான் கடந்த சில ஆண்டுகளாகச் சம்பளம் வரவில்லை என்று ஊழியர்கள் நிர்வாகக் கட்டடத்தின் முன் உட்கார்ந்தார்கள். ஓய்வுபெற்றவர்கள் மாதக் கணக்கில் ஓய்வூதியத்துக்குக் காத்திருந்தார்கள். ஆய்வுப் பட்டம் வழங்குகிற, தேசிய தரமதிப்பீட்டுக் குழுவான ‘நாக்’கின் நான்காவது சுற்றில் உச்சத் தரமான ‘ஏ பிளஸ் பிளஸ்’ வாங்கிய ஒரு பல்கலைக்கழகம், முதல் தேதிக்குச் சம்பளம் போட முடியாமல் தவித்தது. உச்சத் தரச் சான்றும் காலிக் கஜானாவும் ஒரே இடத்தில் எப்படி இருக்க முடியும்? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் வளர்ச்சித் திட்டம், தொலைநோக்கு ஆவணம், உலகத் தரவரிசை என்றெல்லாம் பேசுவதில் பயனில்லை.

தெற்குக்கு ஒரு பல்கலைக்கழகம்

ஒரு காலத்தில் கன்னியாகுமரி வரைக்கும் தென்மாவட்டக் கல்லூரிகளுக்கெல்லாம் சென்னைப் பல்கலைக்கழகம்தான் தாய். அந்தத் தொலைவைக் குறைக்கத்தான் பக்தவத்சலம் முதலமைச்சராக இருந்தபோது, 1965-இல் மதுரைப் பல்கலைக்கழகச் சட்டம் வந்தது. 1966-இல் பல்கலைக்கழகம் பிறந்தது. முதல் துணைவேந்தர் தெ.பொ. மீனாட்சிசுந்தரனார். அடுத்து வந்தவர் மு. வரதராசனார், 1974 அக்டோபரில் பதவியில் இருக்கும்போதே மறைந்தார். பின்னாளில் வா.செ. குழந்தைசாமி, வ.சுப. மாணிக்கம் ஆகியோரும் அந்த நாற்காலியில் அமர்ந்தார்கள். 1978-இல் காமராசர் பெயர் சூட்டப்பட்டது. தேனி சாலையில் நாகமலைத் தொடரை ஒட்டிச் சுமார் 750 ஏக்கரில் விரிந்த வளாகத்துக்குப் பல்கலை நகர் என்று பெயர். இன்று எழுபதுக்கும் மேற்பட்ட துறைகள் இருக்கின்றன.

தமிழறிஞர்கள் தலைமை தாங்கிய இடம் என்பதால் இதைத் தமிழுக்கான பல்கலைக்கழகம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இதன் பெயரை உலக ஆய்விதழ்களில் கொண்டுபோய்ச் சேர்த்தது உயிரியல். எம்.கே. சந்திரசேகரன் இங்கே உயிர்க்கடிகாரத்தை ஆராய்ந்தார். வெளிச்சமே புகாத குகையில் கூண்டுக்குள் வைத்த வௌவாலுக்கு மாலை ஆனது எப்படித் தெரிகிறது? கூட வசிக்கும் மற்ற வௌவால்கள் அந்தி நேரத்தில் கிளம்பிப் போவதையும் விடியலில் திரும்பி வருவதையும் கொண்டே அது தன் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்கிறது என்று அவருடைய குழு 1981-இல் காட்டியது. குகை மதுரைப் பக்கத்திலேயே இருந்தது. வளாகத்துக்குள் கடிகாரமும் சூரியனும் இல்லாத ஓர் அறையைக் கட்டி, மனிதர்கள் வாரக் கணக்கில் அதற்குள் தங்கினால் அவர்களுடைய தூக்கமும் விழிப்பும் என்ன ஆகின்றன என்றும் பார்த்தார்கள். இந்தியாவில் அப்படியோர் அறை அபூர்வம்.

நோயெதிர்ப்பியல் பேராசிரியர் இராமசாமி பிச்சப்பன் மதுரை வட்டார மக்களின் ரத்த மாதிரிகளை ஊர் ஊராகப் போய்த் திரட்டினார். காசநோயும் தொழுநோயும் சிலரைத் தாக்க, சிலரை விட்டுவிடுவது ஏன் என்பது அவருடைய கேள்வி. ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பிக் கடலோரமாகவே ஆஸ்திரேலியா வரை போன ஆதிமனிதக் கூட்டத்தின் ‘எம்130’ என்ற மரபுக் குறியீடு உசிலம்பட்டிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் கண்டறியப்பட்டதற்குப் பின்னணியில் இருந்தவை இந்த மாதிரிகள்தாம். மீனியல் ஆய்வில் டி.ஜே. பாண்டியன் பெரும்பெயர் பெற்றார். 1980-களின் நடுவில் உயிரித்தொழில்நுட்ப முதுநிலைப் படிப்பைத் தொடங்க மத்திய அரசு தேர்ந்தெடுத்த முதல் சில பல்கலைக்கழகங்களில் மதுரையும் ஒன்று.

இவை எதற்கும் கோடிக்கணக்கில் கொட்டிக் கட்டடம் எழுப்பவில்லை. மலையடிக் குகை, பக்கத்து ஊர், நல்ல பேராசிரியர், உழைக்கும் மாணவர், சம்பளம் ஒழுங்காக வரும் என்ற நிம்மதி ஆகியவை போதுமாக இருந்தன. கடைசியாகச் சொன்னதை இப்போது இழந்துவிட்டோம்.

தபாலில் வந்த வருமானம்

ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? அரசு தருவது ஆண்டுத் தொகுப்பு நல்கை. மத்திய அமைப்புகள் தருவது ஆய்வுத் திட்ட நிதி. அதை அந்தத் திட்டத்துக்கு மட்டுமே செலவழிக்கலாம். மிச்சமெல்லாம் சொந்த வருமானம்: கல்லூரிகளின் இணைவுக் கட்டணம், தேர்வுக் கட்டணம், பட்டச் சான்றிதழ்க் கட்டணம், தொலைநிலைக் கல்வி.

மதுரையைத் தூக்கி நிறுத்தியது தொலைநிலைக் கல்விதான். 1971-லேயே இங்கே அஞ்சல்வழிக் கல்வி தொடங்கிவிட்டது. பணியிலிருந்த ஆசிரியர்கள், காவலர்கள், நடத்துநர்கள், படைவீரர்கள், திருமணமாகிப் படிப்பை நிறுத்திய பெண்கள் என்று தலைமுறை தலைமுறையாக வந்து சேர்ந்தார்கள். பழுப்புத்தாளில் சுற்றிய பாடப் புத்தகக் கட்டு தபாலில் வரும். வேலை முடித்து ராத்திரியில் படிப்பார்கள். விடுமுறை நாட்களில் நேர்முக வகுப்பு. ஏதாவதொரு கல்லூரியில் தேர்வு. “மதுரை யுனிவர்சிட்டி கரஸ்ல முடிச்சேன்” என்று சொல்கிறவர் ஒருவராவது இல்லாத தெரு தென்மாவட்டங்களில் குறைவு. அவர்கள் கட்டிய பணத்தில்தான் பல ஆண்டுகள் சம்பளமும் ஓய்வூதியமும் கட்டடமும் ஓடின. அரசும் நிம்மதியாக இருந்தது. பல்கலைக்கழகமே சம்பாதித்துக்கொள்கிறதே, நல்கையை ஏன் கூட்ட வேண்டும் என்ற எண்ணம் அந்த நாட்களில் வேர்விட்டது. இன்றைய நெருக்கடிக்கு விதை போட்டது அந்த எண்ணம்தான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

பிறகு விதிகள் மாறின. மாநிலத்துக்கு வெளியே தனியார் மையங்களைத் திறந்து பட்டம் விற்கிறார்கள் என்ற புகார் நாடெங்கும் பெருகியது. அது பொய்ப் புகாரும் அல்ல. 2005-இல் யஷ்பால் வழக்கில் உச்ச நீதிமன்றம் பல்கலைக்கழகங்களின் எல்லையைப் பற்றிக் கண்டிப்பாகப் பேசியது. 2013-க்குப் பிறகு தொலைநிலைக் கல்வியின் கடிவாளம் பல்கலைக்கழக மானியக் குழுவின் கைக்குப் போனது; ஆட்சி எல்லைக்கு வெளியே மையம் கூடாது என்றது. 2017-இல் வந்த ஒழுங்குமுறை, குறிப்பிட்ட ‘நாக்’ மதிப்பெண் இல்லாதவர்கள் தொலைநிலைப் படிப்பே நடத்தக் கூடாது என்றது. விதிகள் நியாயமானவை. ஆனால், ஒரே வருமானத்தில் வாழ்ந்த குடும்பத்துக்கு அந்த வருமானம் நின்றால் என்ன ஆகுமோ அதுதான் மதுரைக்கு ஆனது. மாற்று வழியை யாரும் முன்கூட்டி யோசிக்கவில்லை.

இன்னொரு பக்கம் கல்லூரிகளும் குறைந்தன. 1990-இல் திருநெல்வேலியில் மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்ததும் தெற்கு மாவட்டங்கள் பிரிந்தன. சிவகங்கையும் இராமநாதபுரமும் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்துக்குப் போயின. மிஞ்சியவை மதுரை, தேனி, திண்டுக்கல், விருதுநகர். இந்தப் பிரிவினையை நான் குறை சொல்ல மாட்டேன். தென்காசிப் பக்கத்துப் பிள்ளை ஒரு சான்றிதழுக்காக மதுரை வரை வந்துபோன அலைச்சல் தீர்ந்தது. ஆனால், வருமானம் பிரிந்த அளவுக்குச் செலவு பிரியவில்லை.

இந்தியாவில் முதன்முதலாகத் தன்னாட்சி பெற்ற கல்லூரிகளில் ஒன்று மதுரை அமெரிக்கன் கல்லூரி. அது நடந்தது 1978-இல். பெரிய கல்லூரிகள் ஒன்றன்பின் ஒன்றாக அந்த வழியில் போயின. தன்னாட்சிக் கல்லூரி தானே பாடத்திட்டம் வகுக்கும், தானே தேர்வு நடத்தும், தேர்வுக் கட்டணத்தையும் தானே வைத்துக்கொள்ளும். பல்கலைக்கழகத்தின் வேலை பட்டம் கொடுப்பது மட்டும். மாணவர்க்கு நல்லது, கல்லூரிக்கு நல்லது. பல்கலைக்கழகத்தின் தேர்வுத் துறை வரவில் மட்டும் ஓட்டை.

இத்தனைக்கும் மேலாக, 2024 செப்டம்பரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில், கல்லூரிகளை இணைப்பதற்குப் பல்கலைக்கழகங்கள் வாங்கும் கட்டணத்துக்கு 18 சதவீத வரி உண்டு என்று தெளிவுபடுத்தியது. ஆய்வு நல்கைகளுக்கு விலக்கு கிடைத்ததே அந்தக் கூட்டத்தில் கிடைத்த ஆறுதல்.

செலவு எப்படி வீங்கியது

செலவுப் பக்கத்தில் முதன்மையானது ஓய்வூதியம். இதை வாசகர்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அரசுக் கல்லூரியில் பணியாற்றி ஓய்வு பெற்றவருக்கு ஓய்வூதியம் கருவூலத்திலிருந்து வருகிறது. அரசு உதவி பெறும் தனியார் கல்லூரியில் ஓய்வு பெற்றவருக்கும் அப்படித்தான். மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஓய்வு பெற்றவருக்கு மட்டும் பல்கலைக்கழகமே தன் நிதியிலிருந்து தர வேண்டும். அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவர் மாதம் பிறந்தால் வங்கிக்குப் போகிறார். நாகமலையில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவர் மாதம் பிறந்தால் போராட்டப் பந்தலுக்குப் போகிறார். ஒரே பாடம், ஒரே ஊர், ஒரே ஊதிய விகிதம். இந்த வேறுபாட்டுக்கு எந்த நியாயமும் கிடையாது.

அடுத்தது ஊதியக் குழு. ஏழாவது ஊதியக் குழுவை ஒட்டி மானியக் குழு ஊதியம் உயர்த்தப்பட்டபோது, கூடுதல் செலவில் பாதியை 2016 ஜனவரி முதல் 39 மாதங்களுக்கு மட்டும் மத்திய அரசு ஏற்றது. 2019 மார்ச்சோடு அது முடிந்தது. அதன் பிறகு முழுச் சுமையும் மாநிலத்தின் தலையில். மாநிலம் தன் கல்லூரிகளுக்குக் கொடுத்தது; பல்கலைக்கழகங்களுக்கான நல்கையோ செலவின் வேகத்துக்கு உயரவில்லை.

அரசுத் தரப்பு வாதத்தையும் இங்கே சொல்ல வேண்டும். அனுமதிக்கப்பட்ட பணியிடங்களைவிட அதிகமாக ஆட்களை நியமித்தார்கள், உரிய ஒப்புதல் இல்லாமல் ஊதியம் கொடுத்தார்கள் என்று உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை பல்கலைக்கழகங்களின் மேல் தணிக்கைத் தடைகளை அடுக்கி வைத்திருக்கிறது. தடை நிற்கும்வரை நல்கையைக் கூட்ட முடியாது என்கிறது நிதித் துறை. தணிக்கை சொல்வதில் உண்மை இருக்கிறது. வருமானம் பெருகிய காலத்தில் வேண்டியவர்களுக்கெல்லாம் வேலை கொடுத்த நிர்வாகங்கள் இருந்தன. அந்தத் தவறுகளுக்குப் பொறுப்பானவர்கள் பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் 1975-இல் பணிக்கு வந்து முறைப்படி ஓய்வு பெற்ற ஒரு நூலகருக்கு, பிற்காலத்தில் யாரோ செய்த நியமனத்துக்காக ஓய்வூதியத்தை நிறுத்தி வைப்பது எந்த நீதி?

சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு நேர்ந்ததைப் பார்த்தால் இந்தச் சிக்கலின் ஆழம் புரியும். 1857-இல் தோன்றிய அந்தத் தாய்ப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை 2024 தொடக்கத்தில் வருமான வரித் துறை முடக்கியது. கேட்ட தொகை 424 கோடி ரூபாய். அரசின் நிதியில் பெரும்பகுதி நடக்கும் கல்வி நிறுவனத்துக்கு வருமான வரி விலக்கு உண்டு. ‘பெரும்பகுதி’ என்றால் மொத்த வரவில் பாதிக்கு மேல் என்கிறது வரி விதி. அரசு நல்கை பாதிக்குக் கீழே போனதால் விலக்கும் போய்விட்டது என்பது வரித் துறையின் வாதம். அரசு குறைவாகக் கொடுத்த குற்றத்துக்குப் பல்கலைக்கழகம் வரி கட்ட வேண்டிய நிலை! மாநிலச் சட்டத்தின் கீழ் நடக்கும் ஒரு பல்கலைக்கழகத்தைப் பற்றி, ‘இது அரசு நிதியில் நடக்கவில்லை’ என்று வேறொரு அரசுத் துறை சொல்ல நேர்ந்தது தமிழ்நாட்டுக்குத் தலைகுனிவு.

மதுரையிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் காந்திகிராம கிராமிய நிறுவனம் இருக்கிறது. 1956-இல் டி.எஸ். சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் தொடங்கிய அந்த நிறுவனம் 1976-இல் நிகர்நிலைத் தகுதி பெற்றது. மத்திய நிதியில் நடக்கிறது. அங்கே படிப்பதும் இதே மாவட்டப் பிள்ளைகள்தாம். நிதி எந்த வாசல் வழியாக வருகிறது என்பதைப் பொறுத்து, அடுத்தடுத்துள்ள இரண்டு நிறுவனங்களின் தலையெழுத்தே மாறிப்போகிறது.

பேராசிரியர் இல்லாத துறைக்குப் பணம் வராது

மூத்த பேராசிரியர்கள் ஓய்வு பெற்றபோது அந்த இடங்கள் நிரப்பப்படவில்லை. கௌரவ விரிவுரையாளர்களை வைத்து வகுப்பு ஓடுகிறது. அவர்களுக்கு மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று மானியக் குழு 2019-இல் சொன்னது. தமிழ்நாட்டில் அரசுக் கல்லூரிகளில் கொடுக்கப்பட்டதோ 25,000. முனைவர் பட்டமும் தகுதித் தேர்வும் முடித்த ஒருவர் நாற்பது வயதிலும் இந்தத் தொகையில், அடுத்த ஆண்டு வேலை உண்டா என்ற நிச்சயம் இல்லாமல் பாடம் எடுக்கிறார். அவரால் ஆய்வு மாணவரைச் சேர்த்துக்கொள்ளவும் முடியாது, ஆய்வுத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கவும் முடியாது.

இங்கேதான் ஒரு கணக்கு எல்லோர் கண்ணிலும் தப்பிவிடுகிறது. பேராசிரியர் ஒருவரை நியமித்தால் மாநில அரசுக்கு ஆண்டுக்கு இத்தனை லட்சம் செலவு என்று நிதித் துறை எழுதுகிறது. அவர் கொண்டுவரக்கூடிய நிதியை யாரும் எழுதுவதில்லை. 2023-இல் சட்டமான அனுசந்தான் தேசிய ஆய்வு நிறுவனம், ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாயை ஆய்வுக்குத் திருப்பும் நோக்கத்தோடு வந்தது. முன்னணி நிறுவனம் ஒன்றோடு மாநிலப் பல்கலைக்கழகங்களை இணைத்து நிதி தரும் திட்டமும் அதில் உண்டு. விண்ணப்பம் எழுத நிரந்தரப் பேராசிரியர் வேண்டும். ஐந்து ஆண்டுகள் அங்கேயே இருந்து ஆய்வை முடிப்பார் என்ற உத்தரவாதம் வேண்டும். காலி நாற்காலி விண்ணப்பம் எழுதாது. நிரப்பாத ஒவ்வோர் இடமும் தில்லியிலிருந்து வந்திருக்கக்கூடிய பணத்தை நாமே தள்ளிவிடுவதுதான்.

கருவி வாங்கக் கிடைத்த நிதியிலும் இதே கதை. 2013-இல் தொடங்கிய ‘ரூசா’ என்ற தேசிய உயர்கல்வித் திட்டத்தில் மத்திய, மாநிலப் பங்கு 60-க்கு 40. அதன் இரண்டாம் கட்டத்தில் பக்கத்துக் காரைக்குடியின் அழகப்பா பல்கலைக்கழகம் 100 கோடி ரூபாய்க்குத் தேர்வானது. திட்ட நிதியில் இயந்திரம் வாங்கலாம், கட்டடம் கட்டலாம். வாங்கிய இயந்திரத்தின் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கும் மின்கட்டணத்துக்கும் யார் கொடுப்பது? மைனஸ் 80 டிகிரியில் ரத்த மாதிரிகளையும் திசுக்களையும் வைத்திருக்கும் உறைபெட்டிக்குச் சனி, ஞாயிறு கிடையாது. ஓர் இரவு மின்சாரம் போய் ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை என்றால் இருபது ஆண்டுச் சேகரிப்பு கெட்டுவிடும். தரவரிசைப் பட்டியலில் இதற்கு மதிப்பெண் கிடையாது. ஆய்வு உயிரோடு இருப்பது இதில்தான்.

‘ரூசா’வுக்குப் பின் வந்த ‘பிஎம் உஷா’ திட்டத்தில், தேசியக் கல்விக் கொள்கைக்கு ஒப்புக்கொள்ளும் உடன்படிக்கையை மத்திய அரசு நிபந்தனையாக வைத்தது. கொள்கையில் உடன்பாடு இல்லாத மாநிலத்தின் மாணவர்களும் வரி கட்டுகிறவர்களின் பிள்ளைகள்தாம். ஆய்வகத்துக்குத் தரும் பணத்தைக் கொள்கைக்கான பிணையாக்குவது சரியல்ல. அதற்காக மாநில அரசு தன் பொறுப்பைத் தில்லியைக் காட்டித் தட்டிக்கழிப்பதும் சரியல்ல.

தலைமை இல்லாத வீடு

நிதிச் சிக்கலோடு தலைமைச் சிக்கலும் சேர்ந்துகொண்டது. இந்தப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் நியமனம் ஒன்றை 2014-இல் உயர் நீதிமன்றம் ரத்து செய்ய, அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பியது. 2018-இல் வேறொரு நியமனத்தை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2024 மே மாதம் பதவியிலிருந்த துணைவேந்தர் விலகினார். ஆளுநருக்கும் அரசுக்கும் இடையே தேடல் குழுவை யார் அமைப்பது என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய்க்கொண்டிருக்க, நாற்காலி நிரம்பாமலே கிடந்தது. ஒருங்கிணைப்புக் குழு அன்றாடக் கோப்புகளைப் பார்த்தது. குழுவால் சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போட முடியும். பத்தாண்டுத் திட்டம் போட முடியாது. தில்லிக்குப் போய் நிதி கேட்க முடியாது. புதிய படிப்பைத் துணிந்து தொடங்க முடியாது. துணைவேந்தரை நியமிக்கும் அதிகாரம் யாருக்கு என்பது பெரிய அரசியல் சட்டக் கேள்விதான். அதற்கு விடை வரும்வரை மாணவனின் மூன்றாண்டுகள் காத்திருக்காது.

எதற்காக இதைக் காப்பாற்ற வேண்டும்? தனியார் பல்கலைக்கழகங்கள்தாம் நிறைய வந்துவிட்டனவே என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு நாள் காலையில் ஆரப்பாளையத்திலிருந்து தேனி போகும் பேருந்தில் ஏறிப் பல்கலை நகர் நிறுத்தத்தில் இறங்கிப் பாருங்கள். எதிர்த்திசையில் கம்பம், ஆண்டிபட்டி, உசிலம்பட்டிப் பக்கமிருந்து வரும் பேருந்துகளிலிருந்தும் மாணவர்கள் இறங்குவார்கள். தோட்டத்தில் கூலி வேலை செய்கிறவர், தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறவர், விசைத்தறி ஓட்டுகிறவர் வீட்டுப் பிள்ளைகள். அவர்களில் பலருக்கு வீட்டில் முதல் பட்டதாரி தாங்கள்தான். லட்சங்களில் கட்டணம் கேட்கும் இடத்தில் அவர்களால் எம்.எஸ்சி. மரபியல் படிக்க முடியாது. கட்டணத்தை உயர்த்திப் பற்றாக்குறையை ஈடுகட்டலாம் என்று யாராவது சொன்னால், அது இந்தப் பிள்ளைகளை அந்த நிறுத்தத்தில் இறங்கவிடாமல் செய்யும் யோசனை.

உயர்கல்வியில் சேர்வோர் விகிதத்தில் தமிழ்நாடு 47 சதவீதத்தில் இருந்தது; இந்திய சராசரி 28.4. இது 2021-22ஆம் ஆண்டின் அனைத்திந்திய ஆய்வு தரும் கணக்கு. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் ஆயிரம் ரூபாய் கொடுத்து அரசு பிள்ளைகளைக் கல்லூரி வாசலுக்கு அழைத்து வருகிறது. மனமாரப் பாராட்டுகிறேன். 2025-26 நிதிநிலை அறிக்கையில் உயர்கல்வித் துறைக்கு 8,494 கோடி ரூபாய் ஒதுக்கியது. இத்தனை செய்கிற அரசு, அந்தப் பிள்ளைகள் அடுத்த படி ஏறும் முதுநிலைத் துறைகளையும் ஆய்வகங்களையும் பட்டினி போடலாமா? 2025 அக்டோபரில் தனியார் பல்கலைக்கழகச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் கொண்டுவந்து, மாநகராட்சிப் பகுதியில் 25 ஏக்கர் இருந்தாலே தனியார் பல்கலைக்கழகம் ஆகலாம் என்று கதவைத் திறக்கப் பார்த்தார்கள். எதிர்ப்பு வலுத்ததும் திரும்பப் பெற்றார்கள். திரும்பப் பெற்றது நல்ல முடிவு. உதவி பெறும் கல்லூரிகள் அந்த வழியில் போயிருந்தால், மதுரைக்கு எஞ்சியிருக்கும் இணைவுக் கட்டணமும் போயிருக்கும்.

எவ்வளவு வேண்டும், எதற்கு வேண்டும்

என் பார்வையில் இந்தப் பல்கலைக்கழகத்தின் வளர்ச்சி இலக்கு இன்னொரு நூறு கோடிக் கட்டடம் அல்ல. முதல் தேவை, ஓய்வூதியத்தை அரசுக் கருவூலம் ஏற்பது. அது அடியில்லாத பள்ளம் என்று நிதித் துறை பயப்படத் தேவையில்லை. பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவர்கள் 2003 ஏப்ரல் 1-க்கு முன் பணியில் சேர்ந்தவர்கள். அந்தப் பட்டியல் மூடப்பட்ட பட்டியல். சில ஆண்டுகள் உச்சத்தில் நின்று, பிறகு ஆண்டுக்காண்டு இறங்கிவிடும். அடுத்து, அனுமதிக்கப்பட்ட பணியிடங்களை வெளிப்படையாக நிரப்பி, அவற்றுக்கான ஊதியத்தை மாதாமாதம் நல்கையாகத் தர வேண்டும். தணிக்கைத் தடைகளை ஓராண்டுக்குள் தீர்த்து முடிக்க ஒரு குழு வேண்டும். தவறு செய்தவரிடம் வசூலிக்கட்டும், செய்யாதவரை விட்டுவிடட்டும்.

இவை நடந்தால் பல்கலைக்கழகம் தன் சொந்த வருமானத்தை வேறு வேலைக்குத் திருப்ப முடியும். ‘ஏ பிளஸ் பிளஸ்’ தரத்தை வைத்து இணையவழிப் படிப்புகளைத் தரமாக நடத்தலாம். 1971-இல் தபாலில் செய்ததைக் கைப்பேசியில் செய்யலாம். 2025 ஜனவரி முதல் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் சுமார் 13,000 ஆய்விதழ்கள் மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் திறந்துவிட்டன. படிக்க ஆய்வு மாணவர்கள்தாம் வேண்டும். சிவகாசிப் பட்டாசுத் தொழிலாளியின் நுரையீரல், திண்டுக்கல் தோல் ஆலைகளின் கழிவுநீர், கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சையில் படியும் பூச்சிமருந்து என்று இந்த நான்கு மாவட்டங்களிலேயே கேள்விகள் குவிந்து கிடக்கின்றன. இவற்றுக்கு விடை தேட வெளியூரிலிருந்து யாரும் வர மாட்டார்கள்.

தொழிலதிபர்களும் முன்னாள் மாணவர்களும் கொடுக்கலாமே என்பார்கள். கொடுக்க வேண்டும்தான். கொடைக்குப் பெயர்போன மண் இது. விருதுநகர் வியாபாரிகள் மகமை வசூலித்தும், வீடுவீடாகப் பிடி அரிசி திரட்டியும் நடத்திய சத்திரிய வித்தியாசாலையில்தான் காமராசர் படித்தார். மதுரையில் கருமுத்து தியாகராசரும் காரைக்குடியில் அழகப்பரும் சொந்தப் பணத்தில் கல்லூரிகளை எழுப்பினார்கள். கொடையால் ஓர் ஆய்வு இருக்கையை நிறுவலாம், விடுதி கட்டலாம், ஏழை மாணவருக்கு உதவித்தொகை தரலாம். மாதச் சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் கொடையில் நடத்த முடியாது. பிடி அரிசியில் படித்த காமராசர் முதலமைச்சரானதும், கல்விச் செலவை அரசின் கணக்கில் எழுதினார். அவர் பெயரைத் தாங்கிய பல்கலைக்கழகத்தைக் கட்டணத்தையும் கொடையையும் நம்பி விடுவது அவர் காட்டிய வழிக்கு நேர் எதிரானது.

மதுரையில் பத்து, திண்டுக்கல்லில் ஏழு, விருதுநகரில் ஏழு, தேனியில் நான்கு. ஆக, 28 சட்டமன்றத் தொகுதிகள் இந்தப் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் வருகின்றன. ஓய்வூதியத்தை அரசு ஏற்கும், காலிப் பணியிடங்கள் நிரப்பப்படும் என்ற இரண்டு உறுதிமொழிகளை அந்த 28 உறுப்பினர்களும் கட்சி வேறுபாடின்றிச் சட்டமன்றத்தில் கேட்க வேண்டும். இங்கே நேரில் படித்தவர்கள், அஞ்சல்வழியில் முடித்தவர்கள், பிள்ளைகளை இங்கே சேர்த்திருப்பவர்கள் அனைவரும் உங்கள் தொகுதி உறுப்பினருக்கு இந்த வாரமே ஒரு கடிதம் எழுதுங்கள்.